முன்வாசல் வழியாகவே

தாயி,

நீ அனுப்பிய வரைபடம் வந்து சேர்ந்தது. வல்லத்திராக்கோட்டையில் கட்டப்போகிற புது முதியோர் குடியிருப்புக்கான பிளான் என்று சொல்லி, இங்கே மேலாளராக இருக்கும் செல்வம் தம்பி அதைப் பெரிய தாளில் அச்செடுத்துக் கொடுத்தார். நானும் உன் அம்மாவும் கட்டிலில் விரித்துப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பார்த்தோம். அம்மாவுக்கு எது கிழக்கு, எது மேற்கு என்று முதலில் பிடிபடவில்லை. தாளைத் திருப்பித் திருப்பி வைத்து, அடுப்படி எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்த பிறகுதான் மற்றதையெல்லாம் ஒப்புக்கொண்டாள். "அரிமளத்துல நான் பிளான் போட்ட குடியிருப்புலயே இருக்கீங்க, ஒங்கள விட யாருக்குத் தெரியும்? கொறை இருந்தா சொல்லுங்கப்பா" என்று நீ போனில் கேட்டிருந்தாய். குறை என்று எனக்குத் தோன்றுவது ஒன்றே ஒன்றுதான். அதைப் போனில் சொல்ல முடியவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே நீ, சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று வேறு பக்கம் போய்விடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து முழுதும் படி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே குளியலறைக் கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி வைத்தாய். அது எதற்கென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. போன மழைக்காலத்தில் உன் அம்மா குளிக்கப் போன இடத்தில் தலைசுற்றி, கதவோரமாகவே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். உள்பக்கம் திறக்கிற கதவாக இருந்திருந்தால் அவளை இடித்துத் தள்ளாமல் நான் உள்ளே போயிருக்க முடியாது. இதை உனக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். பயப்படாதே, பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. அப்புறம் அந்தத் தாழ்வாரம். இரண்டு வீட்டுக்குப் பொதுவாக ஒன்று என்று வைத்தாய். சேர்ந்து இருக்கச் சொன்னால் சண்டைதான் வரும் என்று நான் நினைத்தேன். கதவைத் திறந்ததும் ஒரு மனுசர் முகம் தெரிவது இந்த வயதில் எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். உன் அம்மாவுக்கு ஜெபமாலை நர்சம்மா கிடைத்தது அந்தத் தாழ்வாரத்தால்தான். நான் சொல்ல வந்ததும் அவரைப் பற்றித்தான்.

எங்களை இங்கே கொண்டுவந்து விட்ட அன்று நீ வழியெல்லாம் அழுதுகொண்டே போனாய் என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். சொந்தக்காரர்கள் பேசிய பேச்சும் உன் காதில் விழுந்திருக்கும். பெண் ஊருக்கெல்லாம் வீடு கட்டுகிறாள், பெற்றவர்களுக்கு ஒரு ரூம் இல்லையாக்கும் என்று என் பங்காளி வீட்டிலேயே சொன்னார்கள். உன் வீட்டில் எங்களுக்கு அறை இருந்தது. கோயம்புத்தூரில் நாலாவது மாடியில், நீங்கள் வேலைக்குப் போன பிறகு பொழுது சாயும் வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க எங்களால் முடியவில்லை. அதுதான் நிஜம். நான் காலமெல்லாம் கால்நடை ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றியவன். ஒரு நாளைக்கு நாலு வீட்டு வாசலிலாவது நின்று பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. உன்மேல் எங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை.

நீ போன பிறகு அம்மா பெட்டியைக்கூடத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து நர்சம்மா வந்தார். அரசு ஆஸ்பத்திரிகளில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் காலமாகி வெகுநாளாகிறது, ஒரே மகன் அருள் கத்தாரில் வேலை. வந்தவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "மொத ஒரு வாரம் அழுகையா வரும். அடக்காதீங்க, அழுதுருங்க. அதுக்கப்புறம் தாயம் ஆட வாங்க. இங்கிட்டு எனக்குச் சரியா ஆடுற ஆளே இல்ல" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தத் தாழ்வாரத்தில் தாயக்கட்டை உருளாத காலை கிடையாது. உன் அம்மா காய்களைத் திருட்டுத்தனமாக நகர்த்துவாள், நர்சம்மா கண்டுபிடிப்பார், இரண்டு பேரும் அரைமணி நேரம் பேசாமல் இருப்பார்கள். பிறகு யார் வீட்டிலாவது டீ போடுவார்கள். புதிதாக யார் குடிவந்தாலும் இருக்கிறவர்கள் எல்லோரும் முன்வாசலில் போய் நின்று கைபிடித்து அழைத்து வரவேண்டும் என்ற வழக்கத்தையும் இங்கே தொடங்கி வைத்தவர் நர்சம்மாதான். வரும்போது தனியாக வந்தோம் என்று ஒருவருக்கும் தோன்றக் கூடாது என்பார்.

அவர் இறந்தது உனக்குத் தெரியும். எப்படிப் போனார் என்பது தெரியாது. அன்று காலை பொது அறையில் கண் பரிசோதனை ஏற்பாடு செய்திருந்தார்கள். எல்லோரும் அங்கே போய்விட்டோம். நெஞ்சு கரிக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்று நர்சம்மா மட்டும் வரவில்லை. செல்வத்திடம் ஒருதரம் போய்ப் பார்த்து வரச் சொன்னாள் உன் அம்மா. அவர் போய்ப் பார்த்தபோது உயிர் போயிருந்தது. டாக்டரை வரவழைத்து உறுதி செய்துகொண்டு, கத்தாருக்குப் போன் போட்டு அருளிடம் சொல்லிவிட்டு, எங்களுக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்திலேயே பின்பக்க கேட் வழியாக வண்டியை வரவழைத்துப் புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனையின் பிணவறைக்கு அனுப்பிவிட்டார். சிலிண்டர் வண்டியும் குப்பை வண்டியும் வந்துபோகிற கேட் அது. எங்களிடம், நர்சம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். உன் அம்மா கஞ்சி வைத்து பிளாஸ்க்கில் ஊற்றி, யாராவது அந்தப் பக்கம் போனால் கொடுத்தனுப்பலாம் என்று காத்திருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் போன் அடித்தது. அருள். விமான நிலையத்துக்கே போய், மறுநாள் இரவு விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு அங்கிருந்தே பேசினான். பின்னால் அறிவிப்புச் சத்தமெல்லாம் கேட்டது. "ஆன்ட்டி, அம்மா மொகத்தப் பாத்தீங்களா? எப்படி இருந்தாங்க? வலிச்ச மாதிரி இருந்துச்சா?" என்று கேட்டான்.

உன் அம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். அவள் கையிலிருந்த பிளாஸ்க்கை ஓரமாக வைத்தாள். பிறகு, "இல்லப்பா. தூங்குற மாதிரி இருந்தாங்க. நீ பதறாம வா" என்று சொன்னாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். தன்னைப் பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தவள் என்று நம்பி ஒரு பிள்ளை கேட்டிருக்கிறான், இவளோ சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது தெரியாமல் கஞ்சி வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

செல்வம் எழுந்து நின்றார். அவரைக் குற்றம் சொல்லிவிட முடியாது. நர்சம்மாவின் கண்ணை மூடிவிட்டவர் அவர்தான், சேலையைத் திருத்திப் போர்த்திவிட்டவரும் அவர்தான். ஒருவர் போனால் மற்றவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மனம் உடைந்துவிடுவார்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. முன்பு இரண்டு பேர் தவறியபோது அது ஆஸ்பத்திரியிலேயே நடந்தது, அதனால் பிரச்சினை வரவில்லை. ஒங்களைப் பயமுறுத்தக் கூடாதுன்னுதாம்மா, என்று தலைகுனிந்து சொன்னார். உன் அம்மா குரலை உயர்த்தவில்லை. "தம்பி, எங்க அப்பா, ஆத்தா, கூடப்பொறந்தது அத்தனை பேரையும் அனுப்பி வச்சவ நான். சாவு எனக்குப் பயமில்ல. பக்கத்து வீட்டுக்காரிய எனக்குச் சொல்லாமத் தூக்கிட்டுப் போயிட்டீங்களே, அதுதான் பயமா இருக்கு. நாளைக்கு இவரு எந்திரிக்கலன்னா எனக்காச்சும் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். செல்வம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். உன் அம்மாதான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் சாப்பாட்டு அறையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒவ்வொருவருக்கும் அவரவர் நினைப்பு. இத்தனை நாள் சொந்த வீடு என்று நினைத்து ரோஜாச் செடி வைத்தவர்கள், கதவுக்குப் பெயர்ப்பலகை மாட்டியவர்கள், திடீரென்று லாட்ஜில் தங்கியிருப்பது போல ஆகிவிட்டார்கள். அருளிடம் பேசி, அடக்கத்துக்குப் போகும் முன் நர்சம்மாவை ஒருதரம் இங்கே கொண்டுவரச் சொல்வோம் என்று உன் அம்மா பேச்செடுத்தாள். பலரும் சரி என்றார்கள். மீனாளம்மாள் மட்டும் எழுந்தார். போன வருடம்தான் கணவரை இழந்து இங்கே வந்தவர். "என்னால இன்னொரு தடவ பாக்க முடியாது. என்னக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அதுவும் நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. மறைக்கிறவர்கள் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. இல்லாவிட்டால் செல்வம் இங்கேயும் நீ உன் வரைபடத்திலும் ஏன் மறைக்கப்போகிறீர்கள்? உன் அம்மா மீனாளம்மாள் வீட்டுக்குப் போய் நெடுநேரம் பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. பார்க்க விரும்பாதவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும், அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தாள்.

அருள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து சேர்ந்தான். குன்றாண்டார்கோவில் பக்கத்தில் அவர்கள் ஊர்க் கல்லறையில்தான் அடக்கம். புதுக்கோட்டையிலிருந்து அது வடக்கே, நாங்கள் இருப்பது தெற்கே. நேர் எதிர்த்திசை. இருந்தாலும் அம்மா இருந்த இடத்துக்கு ஒருதரம் கொண்டுவந்துவிட்டுத்தான் போவேன் என்று சொல்லிவிட்டான். சிக்கல் எங்கே வந்ததென்றால், புதிதாகச் சேர நினைப்பவர்கள் குடும்பத்தோடு வந்து இடத்தைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். திருமயத்திலிருந்து ஒரு கணவன் மனைவி வருவதாக ஏற்கனவே சொல்லியிருந்தார்கள். செல்வம் உரிமையாளருக்குப் போன் செய்து கேட்டார். முன்வாசலில் சவவண்டி நின்றால் எவர் வந்து சேருவார், கொண்டுவரத்தான் வேண்டுமென்றால் பின்பக்கமாகக் கொண்டுவாருங்கள் என்று பதில் வந்தது. செல்வம் அதை எங்களிடம் வந்து சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. உன் அம்மா சேலையை மாற்றிக்கொண்டு முன்வாசலில் போய் நின்றாள். நான் நின்றேன். ஒவ்வொருவராக வந்தார்கள். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் உண்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. எதிரே தைலமரக் காட்டிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. யாரும் கோஷம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. ஒருவர் வரும்போது எப்படி நிற்போமோ அப்படித்தான் நின்றோம்.

வண்டி வளைவில் தெரிந்ததும் செல்வம் எங்களைக் கடந்து போனார். சாதாரணமாக அந்த கேட்டில் ஒரு பக்கக் கதவைத்தான் திறப்பார்கள். அன்று அவரே இரண்டு பக்கமும் தள்ளித் திறந்து, மூடிக்கொள்ளாதபடி கீழ்க் கம்பியை இறக்கினார். வேலை போனாலும் போகட்டும் என்று நினைத்திருப்பார்.

போர்ட்டிகோவில் பெட்டியை இறக்கினார்கள். அருளின் சித்தி மெல்லிய குரலில் ஒரு ஜெபப் பாட்டைப் பாட, தெரிந்தவர்கள் கூடப் பாடினார்கள், தெரியாத நாங்கள் கைகூப்பி நின்றோம். உன் அம்மா குனிந்து நர்சம்மா முகத்தை நன்றாகப் பார்த்தாள். நிமிர்ந்து அருளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் அன்னைக்குப் பாக்காமத்தான் ஒனக்குச் சொன்னேன்ப்பா. ஆனா சொன்னது பொய்யில்ல" என்றாள். அவன் அவள் தோளில் சாய்ந்து அழுதான். மீனாளம்மாள் வரவில்லை. ஆனால் அவர் வீட்டு நந்தியாவட்டைச் செடியிலிருந்து பறித்த பூவை ஒரு தட்டில் என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அதை நான் காலடியில் வைத்தேன்.

திருமயத்துக்காரர்கள் அந்த நேரத்தில்தான் காரில் வந்து இறங்கினார்கள். கணவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது, இன்னொரு நாள் வருவோம் என்று திரும்பப் பார்த்தார். அந்த அம்மாள் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு எங்களோடு வந்து நின்றார். வண்டி கிளம்பிய பிறகு செல்வத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாருக்கும் இப்படித்தான் செய்வீங்களா?" செல்வம் உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார், அவர் கையில் என்ன இருக்கிறது? உன் அம்மாதான், "செய்வோம். வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்று உள்ளே அழைத்தாள். அன்று அவர்கள் முடிவு சொல்லாமல்தான் போனார்கள். உரிமையாளர் அடுத்த வாரம் கோபமாகத்தான் வந்தார். எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டார், நாங்களும் சொன்னோம். மனுசர் பாதிப் பேச்சில் அமைதியாகிவிட்டார். அவருக்கும் வீட்டில் வயதான தாயார் இருக்கிறாராம். இனிமேல் யாருக்கும் சொல்லாமல் கொண்டுபோகக் கூடாது, அவரவர் விருப்பப்படி முன்வாசலிலிருந்தே போகட்டும் என்று செல்வத்திடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். திருமயத்து அம்மாளும் கணவரும் கொஞ்ச நாள் கழித்துக் குடிவந்துவிட்டார்கள். கணவருக்கு இன்னும் அரைமனதுதான். உன் அம்மா அந்த அம்மாளுக்குத் தாயம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது உன் வரைபடத்துக்கு வருகிறேன். மருத்துவ அறையிலிருந்து பின்பக்க கேட்டுக்கு நேராக ஒரு பாதை போட்டிருக்கிறாய். அது கண்ணில் படாமலிருக்க இரண்டு பக்கமும் உயரமான செடி வரிசை. அந்தச் செடிகளைப் பார்த்ததும் எனக்கு உன் மனது புரிந்தது. எங்களை நினைத்துத்தான் அதை நட்டிருக்கிறாய். எங்கள் கண்ணுக்கு மறைப்பதாக நினைத்து உன் கண்ணுக்கும் மறைத்துக்கொண்டாய். நீ அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை, தாயி. உனக்கு எட்டு வயதிருக்கும், லீவு நாளில் என் டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருவாய். ஒரு ஊரில் நான் எவ்வளவோ பார்த்தும் ஒரு காளையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் அதைக் கழுவி, மஞ்சள் பூசி, மாலை கொண்டுவந்தார்கள். உன்னைத் தூரமாகப் போகச் சொல்ல எனக்கு நேரமில்லை. நீ போய் அந்த மாலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாய். ஊர் வந்து சேரும்வரை என் முதுகில் முகத்தைப் புதைத்து அழுதாய். வீட்டுக்கு வந்து தோசை தின்றுவிட்டுத் தூங்கினாய். மறுவாரம், நானும் வாரேன் என்று மறுபடி வண்டியில் ஏறிக்கொண்டாய். பார்த்ததால் உனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

பின்பக்க கேட் இருக்கட்டும். காய்கறி வண்டி வரட்டும், சிலிண்டர் வரட்டும். முன்வாசலுக்குப் பக்கத்தில், நீ சோபா போட்டுக் கண்ணாடி வைத்திருக்கிறாயே, அதை ஒட்டி ஒரு பெரிய அறை வேண்டும். இரட்டைக் கதவாக, ஐஸ் பெட்டியைச் சாய்க்காமல் நேராகக் கொண்டுவரும் அகலத்துக்கு. அந்தப் பெட்டிக்கு ஒரு பிளக், கரண்ட் போனாலும் ஜெனரேட்டரில் ஓடுகிற மாதிரி. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருவதற்குள் எத்தனை தரம் கரண்ட் போகும் என்று உனக்கே தெரியும். குளிப்பாட்டுகிற வழக்கமுள்ளவர்களுக்கு வெளியே ஒரு குழாயும் வழுக்காத தரையும். சிலர் பாட்டுப் படிப்பார்கள், சிலர் மாரடித்து அழுவார்கள். இரண்டுக்கும் இடம் வேண்டும். தூரத்திலிருந்து வருகிற பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழ ஒரு சின்ன அறை. மீனாளம்மாள் போன்றவர்கள் அந்தப் பக்கம் வராமலே சாப்பாட்டு அறைக்குப் போக இன்னொரு நடைபாதை. செடியை அங்கே வை. முக்கியமாக, அந்தப் பெரிய அறையைச் சாவுக்கென்று தனியாக ஒதுக்கிவிடாதே, அப்புறம் ஒருவரும் அதன் பக்கம் போக மாட்டார்கள். அதிலேயே கேரம் ஆடட்டும், பேரப்பிள்ளைகள் வந்தால் கேக் வெட்டட்டும், தைப்பொங்கலுக்குக் கோலப்போட்டி நடக்கட்டும். எல்லாவற்றுக்குமான அறை என்றிருந்தால் இதுவும் எல்லாவற்றில் ஒன்றாகிவிடும்.

கடைசியாக ஒன்று. இதை அம்மாவும் நானும் பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன். எங்கள் இரண்டு பேரில் யார் முதலில் என்று தெரியாது. யாராக இருந்தாலும் இன்னொருவர் தனியாக இருக்க மாட்டார். செல்வம் உனக்குப் போன் செய்யும்போது நீ ஏதாவது கட்டட வேலையில் வெயிலில் நின்றுகொண்டிருப்பாய், எனக்குத் தெரியும். போன் வந்ததும் காரை எடுத்துக்கொண்டு தனியாக ஓட்டி வந்துவிடாதே. மாப்பிள்ளையை ஓட்டச் சொல். கரூரில் இறங்கி ஒரு டீயாவது குடியுங்கள். நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லையே என்று வழியெல்லாம் உன்னை நீயே திட்டிக்கொண்டு வராதே. இங்கே எங்களுக்குப் பக்கத்தில் உட்கார ஆள் இருக்கிறது. நீ வந்து சேரும்வரை அவர்கள் எழுந்து போக மாட்டார்கள். நீ மெதுவாகவே வா.

அப்பா